ஆடி மாதமும் நாலாம் நம்பர் குதிரையும்

குதிரையை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், காட்டுப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் உடனே ரேஸுக்கு டிப்ஸ் கேட்பார்கள். ரேஸ் குதிரை இல்லைங்க, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உலகத்தில் குதிரையின் மரபணுவைப் பற்றி எழுதிக் குவித்ததெல்லாம் பெரும்பாலும் பணக்காரக் குதிரைகளைப் பற்றித்தான். உழைத்துச் சாப்பிடுகிற குதிரையைப் பற்றி எழுத ஆள் இல்லை. நாங்கள் எழுதுகிறோம். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன்.

அப்படி என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்ச் போர்டைக் காட்டுவேன். ஒரு உயிரின் எல்லா செல்லிலும் ஒரே போர்டுதான் மாட்டியிருக்கிறது. ஈரலில் எந்த சுவிட்ச் போட்டிருக்கிறது, ரத்தத்தில் எது அணைந்திருக்கிறது, காலையில் எது எரிகிறது, சாயங்காலம் எது எரிகிறது, இதில்தான் விஷயமே. மோட்டார் சுவிட்ச் மேல் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று டேப் ஒட்டி வைப்போமே, அந்த மாதிரி டி.என்.ஏ. மேலும் குட்டிக் குட்டிக் குறிகள் ஒட்டியிருக்கும். சுவிட்ச் பிறவியிலேயே வந்தது, அது மாறாது. டேப் மாறும். தீனி, வெயில், வேலை, தூக்கம் எல்லாம் சேர்ந்து அதை ஒட்டும், பிய்க்கும். இதைப் படிப்பதற்குப் பெயர் எபிஜெனடிக்ஸ். இவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. பல நாட்டு ஆய்வகங்கள் கூட்டுச் சேர்ந்து, குதிரை உடம்பில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்று ஒரு பொது வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் குதிரை. எல்லோரும் ஒரே முறையில் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். எங்கள் பங்குக்கு ஆறு குதிரை.

அந்த ஆறும் பூந்தமல்லியில் இருக்கிற ஒரு பாயுடையவை. மூன்று தலைமுறையாகக் குதிரை வைத்திருக்கிற குடும்பம். ஒரு காலத்தில் வண்டியில் பூட்டினார்கள், இப்போது கல்யாணத்துக்கு அனுப்புகிறார்கள். கொட்டகை நூம்பலில், ப்ளாட் போட்டுக் கல் நட்டு இன்னும் வீடு வராத ஒரு காலி மனை ஓரத்தில். ஆறும் வெள்ளைப் பெண் குதிரைகள், எங்கள் நோட்டில் ஒன்றாம் நம்பர் முதல் ஆறாம் நம்பர் வரை. பாய் எங்களுக்கு ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஊசி குத்தினால் குதிரைக்குக் காய்ச்சல் வரும் என்று முதலில் கையை விரித்தார். பிறகு எங்கள் பெண் ஊசி போடுகிற லாகவத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் பெண் என்று நான் சொல்வது என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பெண்ணை. கால்நடை மருத்துவம் முடித்தவள், நெமிலிச்சேரிக்காரி. முந்தைய தலைமுறை ஊரான் வயலில் நாற்று நட்டது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டாள், ஆனால் குதிரையின் கழுத்து நரம்பை ஒரே தொடலில் கண்டுபிடிப்பாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல சுத்தமான கை. தை மாதம் முழுக்க விடிகிற நேரத்துக்கும் பொழுது சாயும் நேரத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் நூம்பலில் நின்றோம். காலையில் போனால் பாயின் ஆட்கள் குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் போனால் நெற்றிப் பட்டம், சலங்கை, ஜிகினாத் துணி என்று அலங்காரம் நடக்கும். எடுத்தோம், ஸ்டிக்கர் ஒட்டினோம், அனுப்பினோம்.

சித்திரையில் வந்தது இடி.

கூட்டுக் குழுவை நடத்துபவர் ஒரு வெளிநாட்டுக்காரர். பண்பானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். கத்துகிறவனோடு திருப்பிக் கத்தலாம், இந்த மாதிரி ஆளோடு என்ன செய்வது? வீடியோ மீட்டிங்கில் எங்கள் முடிவுகளைத் திரையில் போட்டுக் காட்டினார். உடம்புக்கு மணி காட்டுகிற மரபணுக்கள் என்று சில உண்டு. மற்ற எல்லா நாட்டுக் குதிரையிலும் காலையில் எரிகிற சுவிட்ச், எங்கள் குதிரைகளில் சாயங்காலம் எரிந்தது. சாயங்காலம் எரிய வேண்டியது காலையில் எரிந்தது. ஒன்றில் இரண்டில் இல்லை, ஆறிலும். தலைகீழ்.

அவர் சொன்னது இதுதான்: காலை ட்யூபில் மாலை ஸ்டிக்கரும், மாலை ட்யூபில் காலை ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார்கள். வேலை அதிகமான ஆய்வகங்களில் இது சகஜம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆறு குதிரைகளையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிடலாம். ரத்தம் எடுத்தவருக்கு மறுபடி ஒரு பயிற்சி கொடுத்தால் நல்லது.

காலை ட்யூப், மாலை ட்யூப் இரண்டிலும் ஒரே குதிரையின் ரத்தம் என்பதால் டி.என்.ஏ.வைப் பார்த்து மாறியதா இல்லையா என்று நிரூபிக்கவும் முடியாது. அவர் சொன்னதுதான் சொல். எங்கள் நிறுவனத்தில் அவளுடைய உதவித்தொகையை நீட்டிக்கிற கமிட்டி கார்த்திகையில் கூடும். அதற்குள் குதிரைகள் வரைபடத்தை விட்டுப் போய்விட்டால் அவள் ஆய்வும் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. அதைவிட, எங்கள் துறை ரொம்பச் சின்ன ஊர். ட்யூபை மாற்றினவள் என்று ஒரு தடவை பேர் வந்தால் அவளை எந்த ஆய்வகமும் கதவு திறந்து உள்ளே விடாது.

மறுநாள் நான் ஆய்வகத்துக்குப் போனபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, குழுத் தலைவருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கரைத் தான் மாற்றி ஒட்டியிருக்கலாம் என்று. எனக்கு வந்ததே கோபம்! நிஜமாகவே மாற்றினாயா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அவ்வளவு பெரிய ஆட்கள் எல்லாம் சொல்கிறார்களே, ராத்திரி பூரா யோசித்து யோசித்து இப்போது தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றாள். மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குடி பயம் என்று அவள் கையிலிருந்த மௌஸைப் பிடுங்கி அந்த மெயிலை அழித்தேன். பக்கத்தில் நின்றுதானே ஒவ்வொரு ட்யூபையும் பார்த்தேன். அவள் மாற்றவில்லை. இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. அப்படியானால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை.

அப்படியே அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். நல்ல உச்சி வெயில், அக்னி நட்சத்திரம். வேலப்பஞ்சாவடி தாண்டி நூம்பலுக்குள் திரும்புவதற்குள் ஸ்டியரிங் கையைச் சுட்டது. பாயிடம் தீனி, தண்ணீர், மருந்து எல்லாம் குடைந்து குடைந்து கேட்பது என்று திட்டம். அந்த நேரத்துக்கு நாங்கள் அங்கே போனதே இல்லை.

கொட்டகையைச் சுற்றிக் கோணிப் படுதா கட்டியிருந்தது. உள்ளே இருட்டு. படுதாவை விலக்கி நான் "பாய்" என்று ஒரு குரல் கொடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"மெதுவா மேடம். தூங்குறாங்க."

கண் பழகியதும் பார்த்தேன். ஆறு குதிரையும் காலை நீட்டி, கட்டாந்தரையில் தலையைச் சாய்த்துப் படுத்துக் கிடந்தன. குதிரை நின்றபடியே கண் அயரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்படிச் சாய்ந்து படுத்தால் அதுதான் ஆழ்ந்த தூக்கம், அதை ராத்திரியில்தான் தூங்கும். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் குதிரைகள் நடு ராத்திரித் தூக்கத்தில் இருந்தன.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து எங்களைத் தள்ளிக் கூட்டிப் போய் நிறுத்தினார். இன்னா மேடம், தூங்குற நேரத்துல வந்துகீறீங்க என்று சிடுசிடுத்தார். மாப்பிள்ளை ஊர்வலம், ரிசப்ஷன், அதை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் கொள்ளும் புல்லும் தின்று, விடிந்ததும் குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருக்குமாம். சவாரி இல்லாத ராத்திரியிலும் அதே முறைதான். ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி என்றால் குதிரை கொயம்பிடும் என்றார். இதை ஏன் பாய் முன்னாடியே சொல்லலை என்று கேட்டேன். நீங்க எங்க கேட்டீங்க என்றார். நியாயம்தான். கூட்டுக் குழுவின் கேள்விகளில் வயது உண்டு, தீனி உண்டு, தடுப்பூசி உண்டு. எப்போது தூங்கும் என்று கிடையாது. ராத்திரியில் வேலைக்குப் போகிற குதிரை அவர்கள் ஊரில் இல்லை.

நானும் அவளும் கார் நிழலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடியற்காலையில் குளிப்பாட்டுகிறார்களே, பாவம் அப்போதுதான் எழுந்து வேலைக்குக் கிளம்புகின்றன என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவை குளித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கின்றன. படித்த இரண்டு பேர், ஒரு மாதம் முழுக்க எதிரில் நின்று பார்த்தும் இது உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, சிரிப்பும் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கோணிப் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா இப்படித்தான் மேடம் தூங்குவாரு. ஜன்னல்ல போர்வை கட்டிக்கிட்டு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் அப்பாவுக்கு வருஷக்கணக்காக நைட் ஷிஃப்ட்தான் என்று. ஒரே அறை வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். டி.வி. கிடையாது, சத்தமாகப் பாடம் படிக்கக் கூடாது. அப்பா எழுந்திருக்கிற நாலு மணிக்கு முன்னால் அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததே இல்லையாம். காய்ச்சல் வந்து பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்ட நாளில்கூட அவரை எழுப்பாமல் பக்கத்து வீட்டில் படுத்திருந்தாளாம். ஒரு நாள்கூட எழுப்பினது இல்லை மேடம் என்றாள். அதனால்தான் படுதாவை விலக்கியதும் அவள் குரல் தானாக அடங்கியிருக்கிறது.

அடுத்த மீட்டிங்கில் நான் ஒரு பிடி பிடித்தேன். எங்கள் குதிரைகளுக்குக் காலைதான் சாயங்காலம், ஸ்டிக்கர் மாறவில்லை, குதிரையின் பொழுதுதான் மாறியிருக்கிறது என்றேன். குழுத் தலைவர் தலையாட்டினார். சுவாரசியமான விளக்கம், ஆனால் விளக்கம் நிரூபணம் ஆகாது என்றார். ஸ்டிக்கர் மாறியிருந்தாலும் இதே படம்தானே வரும் என்று கேட்டார். கேள்வி சரிதான். நான் அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

எங்கள் ஊரில் ஆடி என்று ஒரு மாதம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணைக்கூடத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவோம் என்றதும் திரையில் இரண்டு மூன்று முகங்கள் மலர்ந்தன. கல்யாணம் இல்லை என்றால் குதிரைக்கு ராத்திரி வேலை இல்லை. பகலில் மேயும், ராத்திரியில் தூங்கும். ஆடி முடிகிற சமயத்தில் மறுபடி ரத்தம் எடுப்போம், உங்கள் ஆள் ஒருவர் கூட இருந்து ஸ்டிக்கரை அவர் கையாலேயே ஒட்டட்டும். என் குதிரைகளின் பொழுது நேராகத் திரும்பியிருக்கும், பார்க்கிறீர்களா என்று சவால் விட்டேன். ஒத்துக்கொண்டார்கள். வரைபடத்தை மூடுகிற வேலையையும் அதுவரை தள்ளிப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவள், ஆடியில எல்லாம் சரியா வருமா மேடம் என்றாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இவர்கள் சந்தேகம் பறக்காதா என்றேன். அவ்வளவு தெம்பு எனக்கு.

பாயும் வாக்குக் கொடுத்தார். ஆடி பிறந்ததும் குதிரைகளைக் காலி மனையில் பகலெல்லாம் மேய விட்டார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டார். போகும்போதெல்லாம் ப்ளாட் கற்களுக்கு நடுவில் அவை வெயில் காய்வதைப் பார்த்து நான் பூரித்துப் போனேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு முன்னாலேயே அவள் ஆய்வக வாசலில் நின்றிருந்தாள். முகம் செத்திருந்தது. முந்தின ராத்திரி அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, ஊர்வலம். மேளத்துக்கு முன்னால் மாலை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக் குதிரை ஆடி அசைந்து வந்திருக்கிறது. ஜனங்கள் அதற்கும் கற்பூரம் காட்டி நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம்முடைய நாலாம் நம்பர்.

ஐயோ, கல்யாணம் இல்லாத மாதம் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தேனே, அந்த மாதம் முழுக்க அம்மன் கோயில் திருவிழா என்பது எனக்கு எப்படி மறந்தது! அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஊரில் பிறந்தவள்தானே நானும். பாயிடம் போய் நான் போட்ட சத்தத்தில் ஆறு குதிரையும் காதை விறைத்துக்கொண்டன. நெமிலிச்சேரி மட்டும் இல்லை, பட்டாபிராம், ஆவடி என்று ஆடி பிறந்ததிலிருந்து ஏறக்குறைய தினமும் ராத்திரி நாலாம் நம்பர் எங்காவது ஒரு அம்மன் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பகலில் மேய்ந்ததாக நான் பூரித்துப் பார்த்ததெல்லாம் மற்ற ஐந்து. இது கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பாய் நான் கத்தி முடிக்கிற வரை பொறுமையாக நின்றார்.

"அஞ்சு குதிரய ஊட்லயே வெச்சிகீறேன்ல? அம்மனுக்கு எங்க நைனா காலத்துலயே வாக்கு குட்த்தாச்சு மேடம். உங்களுக்குக் குட்த்தது அப்பாலதானே."

முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா கத்துவீங்க என்றார். அதுவும் உண்மைதான்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் முடிவு செய்துவிட்டேன். நாலாம் நம்பரை விட்டுவிடுவோம். கால் நொண்டுகிறது, மருந்து ஓடுகிறது என்று ஏதாவது காரணம் சொல்லி ஐந்தை மட்டும் எடுப்போம். ஐந்தே போதும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள் திரும்பி, வேண்டாம் மேடம் என்றாள். என் முடிவுக்கு அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறையும் எடுப்போம் என்றாள். இதில் ஒரு குதிரை ராத்திரியெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறது, எது என்று சொல்ல மாட்டோம், ரத்தத்தைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்று அவர்களிடம் கேட்போம். சரியாகச் சொல்லிவிட்டால் ஸ்டிக்கர் பேச்சே எழாது. ஒருவேளை அவர்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அல்லது வேறு எண்ணைச் சொல்லிவிட்டால், உன் கதை அதோடு முடிந்தது, தெரியுமா என்றேன். தெரியும் மேடம் என்றாள். சந்தேகப்பட்டது அவர்கள், அதனால் அவர்கள் வாயாலேயே வரட்டும் என்றாள். சிக்னலில் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டுகிற வரை நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணா மன்னிப்புக் கேட்டு மெயில் அடித்தாள்?

அவள் சொன்னபடியே கூட்டுக் குழுவுக்கு எழுதினோம், ஒத்துக்கொண்டார்கள். ஆடி கடைசியில் அவர்களுடைய ஆள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். விடியற்காலையில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு நூம்பலுக்குப் போவதற்கு முன்பே அவள் அங்கே போய்விட்டிருந்தாள். ஒரு சிக்கல் இருந்தது. நாலாம் நம்பரை எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் வெள்ளை நெற்றியில் திருவிழா மஞ்சள் போகவில்லை. குங்குமம் போனது, மஞ்சள் போவேனா என்றது. பார்க்கிற எவனுக்கும் எந்தக் குதிரை ஊர்வலம் போனது என்று தெரிந்துவிடும். அவள் யோசிக்கவே இல்லை. பாய் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து மஞ்சள் தூள் வாங்கி, குழைத்து, ஆறு குதிரையின் நெற்றியிலும் ஒரே மாதிரி அப்பிவிட்டாள். ஆறையும் குளிப்பாட்டி ஈரத்தோடு நிற்க வைத்தாள். வந்தவர், எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பதற்கு முன் இப்படி ஒரு பூஜை போல என்று நினைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். நானும் விளக்கம் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் அவளே ரத்தம் எடுத்தாள், அவரே ஸ்டிக்கர் ஒட்டினார், அவரே பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஆவணி, புரட்டாசி போயிற்று. கமிட்டி கூடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நாளும் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நான்தான் வீட்டில் காரணமில்லாமல் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஐப்பசியில், நல்ல மழை நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு மீட்டிங். அவர்களுக்குக் காலை. அவள் என் பக்கத்து நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் மனதுக்குள் ஒரு நீண்ட பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று.

குழுத் தலைவர் படத்தைத் திரையில் விரித்தார். ஐந்து குதிரைகள் நேராகத் திரும்பிவிட்டன. காலையில் எரிய வேண்டிய சுவிட்ச் காலையில் எரிகிறது. உலகத்தின் மற்ற குதிரைகளோடு சேர்ந்துகொண்டன. சுவிட்சுகள்தான் அப்படி, மேலே ஒட்டியிருக்கிற டேப்பில் சில அப்படியே ராத்திரி வேலைக்காரக் குதிரையின் டேப்பாகவே இருந்தன என்றும் காட்டினார். ஒரு மாத ஓய்வில் எல்லாமே பிய்ந்து வந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து திரையையே பார்த்தாள். எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது அவள் செய்கிற ஆராய்ச்சியே அந்தப் பிய்யாத டேப்புகளைப் பற்றித்தான்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். இன்னும் தலைகீழாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது நாலாம் நம்பர் என்று. சரியா என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்.

"ஆமா சார்," என்றாள் ஆங்கிலத்தில். "எங்க தெருவுக்குத்தான் வந்தா."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, சித்திரையில் தான் பேசியது தவறு, எல்லோர் முன்னாலும் பேசியதால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். ஆறு குதிரையும் வரைபடத்தில் இருக்கும், தை மாத ரத்தமும் இருக்கும், இனி எல்லா நாட்டுக் குதிரைக்கும் அது எந்த நேரத்தில் தூங்கும் என்ற கேள்வியைச் சேர்க்கப் போகிறோம் என்றார். நல்ல மனுஷன், சும்மா சொல்லக் கூடாது. நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

திரை அணைந்ததும் அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், அழுதால் பிடித்துக்கொள்ளலாம் என்று. அவள் அழவில்லை. மழைக்காக ஸ்பீக்கரைப் போட்டு, போனில் வீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் எடுத்திருக்க வேண்டும். அப்பா தூங்குறாரு என்று கிசுகிசுப்பது மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

"எழுப்பும்மா," என்றாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மா நின்றிருப்பார். பிறகு கரகரவென்று ஒரு ஆண் குரல், தூக்கக் கலக்கத்தில், பதறிப்போய், என்னம்மா, என்ன ஆச்சு என்றது.

"அப்பா, நான் ட்யூப மாத்தலப்பா."

"நீ மாத்தியிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா? இதச் சொல்லவா எழுப்புன?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டே தூணில் சாய்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் வந்து மீதியைச் சொன்னாள். எழுந்த மனிதருக்கு அதற்கு மேல் தூக்கம் வரவில்லையாம், பசிக்கிறது என்றாராம். அம்மா குக்கரை வைத்திருக்கிறார். மூன்று மணிக்கு அவர்கள் வீட்டில் விசில் சத்தம் கேட்டதும், என்ன ஆச்சோ ஏதாச்சோ என்று பக்கத்து வீட்டம்மா மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாராம்.